ஹாப்பர் அடுப்பில் கரி தடைபடாமல் இறங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் அடுப்பு, ஹீட்டர் பழுது பார்ப்பது என் வேலை. குளிர் தொடங்கினால் பழைய பங்களாக்களும் ஹோம்ஸ்டேக்களும் கூப்பிடும். தேயிலை ஃபேக்டரிகள் வருடம் முழுக்கக் கூப்பிடும். கொடைக்கானலிலிருந்தும் போனில் கேட்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை: "கரி இருக்கு, இறங்க மாட்டேங்குது." அந்தச் சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால், மூடியைத் திறப்பது பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஹாப்பர்னு எதைச் சொல்றீங்க? எங்க அடுப்புல கரியை நேரா நெருப்பு மேலதானே போடறோம்?

அப்படியானால் உங்கள் அடுப்பில் ஹாப்பர் இல்லை. நெருப்புக்கு மேலேயோ பின்னாலேயோ நிலக்கரியைச் சேர்த்து வைக்கும் இரும்புத் தொட்டிதான் ஹாப்பர். கீழே கிரேட்டில், அதாவது நெருப்பைத் தாங்கும் இரும்புக் கம்பித் தட்டில், கரி எரிந்து குறையக் குறைய, தொட்டியில் இருப்பது தன் எடையாலேயே சரிந்து இறங்க வேண்டும். காலையில் ஒருமுறை நிரப்பினால் இரவு வரை தொட வேண்டியதில்லை என்பதுதான் இதன் வசதி. ஃபேக்டரி ஹீட்டர்களில் தொட்டிக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ சுழன்று எரிபொருளை இழுத்துத் தள்ளும். அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

தொட்டி நிறைய கரி இருக்கு. ஆனா கீழ நெருப்பு அணைஞ்சு போகுது. ஏன்?

மூன்றில் ஒன்று நடந்திருக்கும். முதலாவது, தொட்டியின் அடி வாய்க்குச் சற்று மேலே கரித்துண்டுகள் ஒன்றையொன்று முட்டுக் கொடுத்து வளைந்து நிற்பது. ஊட்டி மலை ரயில் பாதையில் இருக்கும் கல் வளைவுப் பாலம் போலத்தான்: மேலே எடை ஏற ஏற வளைவு இறுகுமே தவிர விழாது. இதைப் பாலம் கட்டுவது என்கிறோம். இரண்டாவது, நடுவில் மட்டும் கிணறு மாதிரி ஓட்டை விழுந்து, சுற்றிலும் கரி சுவராக நிற்பது. மூன்றாவது ஹாப்பரைச் சேர்ந்ததே இல்லை. கிரேட்டில் சாம்பலும் கிளிங்கரும் (உருகிக் கட்டியான சாம்பல்) அடைத்துக்கொண்டு, கரி இறங்க இடமில்லாமல் போயிருக்கும்.

எது என்று கண்டுபிடிப்பது எளிது. முதலில் கிரேட்டை ஆட்டி சாம்பலைத் தள்ளுங்கள். அதற்கே கரி இறங்கிவிட்டால் ஹாப்பர் மேல் குற்றமில்லை. இறங்கவில்லை என்றால், மூடியை முறைப்படி திறந்து மேலே பாருங்கள். பரப்பு சமமாக, காலையில் நிரப்பியபடியே இருந்தால் கீழே பாலம். நடுவில் பள்ளம் என்றால் கிணறு. பாலத்துக்குப் பெரும்பாலும் துண்டின் அளவும் ஈரமும் காரணம். கிணற்றுக்குப் பொடியும் தகட்டின் சாய்வும் காரணம். எதையும் வெட்டி ஒட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வேன். நான் பார்த்தவரை தொட்டியைக் குறை சொல்லிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கரியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

சுத்தியால நாலு தட்டு தட்டினா இறங்கிடுது. அப்படியே ஓட்டிட்டா என்ன தப்பு?

இரும்புச் சுத்தியால் தட்டினால் தகடு உள்பக்கமாகக் குழியும். உள்ளேயிருந்து பார்த்தால் அது ஒரு மேடு. அடுத்த தடவை கரி அந்த மேட்டில்தான் நிற்கும். தட்டத் தட்ட, தட்ட வேண்டிய தேவை கூடிக்கொண்டே போகும். பல ஃபேக்டரிகளில் தொட்டியின் கீழ்ப்பாகம் அம்மைத் தழும்பு விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாலம் உடைந்து கரி மொத்தமாக விழுந்தால் நெருப்பு மூடிக்கொள்ளும். புதுக் கரியிலிருந்து வாயு கிளம்பும், ஆனால் அதை எரிக்கச் சுடர் இருக்காது. சிறிது நேரம் கழித்துத் திடீரென்று பற்றும்போது அடுப்புக் கதவே அதிரும். தட்டியே ஆக வேண்டும் என்றால் மரச்சுத்தியால், தொட்டியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், மெதுவாகத் தட்டுங்கள். மேல்பாகத்தில் தட்டினால் கரி இன்னும் இறுகத்தான் செய்யும். தினமும் தட்ட வேண்டியிருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

எந்த அளவுக் கரி வாங்கணும் சார்?

டேப்பை எடுத்துத் தொட்டியின் அடி வாயை அளந்துகொள்ளுங்கள். வாய் வட்டமாகவோ சதுரமாகவோ இருந்தால், அதன் அகலம் மிகப் பெரிய துண்டைப்போல் குறைந்தது 6 மடங்கு இருக்க வேண்டும். 150 மி.மீ. வாய்க்கு 25 மி.மீ. துண்டுதான் உச்சம். நீளமான பிளவு வாயாக இருந்தால் 3 முதல் 4 மடங்கு அகலம் போதும். மூட்டையில் ஒரே ஒரு முஷ்டி அளவுக் கட்டி இருந்தாலும் பாலத்தின் நடுக்கல்லாக அது வந்து நிற்கும். கொட்டும்போதே பொறுக்கி எடுத்து உடைத்துப் போடுங்கள்.

அடுப்போட வந்த புத்தகத்துல ஆந்த்ரசைட்னு போட்டிருக்கு. இங்க கிடைக்கிற கரியைப் போட்டா ஆகாதா?

ஹாப்பர் வைத்த வீட்டு அடுப்புகள் பல, அமெரிக்காவின் பென்சில்வேனியா போன்ற இடங்களில் கிடைக்கும் ஆந்த்ரசைட் கரியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அது கடினமானது, புகை குறைவு, சூடானாலும் துண்டு துண்டாகவே இருக்கும். அங்கே அதை அரிசி, பட்டாணி, செஸ்ட்நட் என்று அளவுவாரியாகச் சலித்து விற்கிறார்கள். அரிசி அளவு என்றால் 5 முதல் 8 மி.மீ. வரை. நம் நாட்டில் ஆந்த்ரசைட் மிகவும் அரிது. இங்கே வருவது பெரும்பாலும் பிட்டுமினஸ் வகை. சாம்பல் 30 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதனால் புத்தகத்தில் சொல்லியிருப்பதைவிட அடிக்கடி கிரேட்டை ஆட்டியே ஆக வேண்டும்.

முக்கியமான ஆபத்து ஒட்டும் குணம். சிலவகைக் கரி 350 டிகிரிக்கு மேல் இளகி, பிறகு ஒரே கட்டியாக உறையும். தொட்டியின் கழுத்தில் இது நடந்தால் கடப்பாரை போட்டுத்தான் எடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு கைப்பிடி கரியை நொறுக்கி, மூடியுள்ள சிறு தகர டின்னில் போட்டு, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை குத்தி, வெளியே திறந்த இடத்தில் விறகு நெருப்பில் சிவக்கச் சுடுங்கள். ஓட்டையில் சுடர் வந்து அடங்கிய பிறகு ஆறவிட்டுத் திறந்து பாருங்கள். உதிரியாகக் கொட்டினால் ஹாப்பருக்கு ஆகும். அடை மாதிரி ஒரே வில்லையாக வந்தால் அந்தக் கரி உங்களுக்கு வேண்டாம்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைப் பற்றியும் கேட்கிறார்கள். சுரங்கத்திலிருந்து வரும்போது அதன் எடையில் பாதி அளவு தண்ணீர். காய்ந்தால் பொடிப்பொடியாக உதிரும். ஹாப்பருக்கு ஏற்றதில்லை. பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் 'லெகோ' அதே கரியை அழுத்திச் சுட்டுச் செய்தது. அது அருமையாக எரியும், ஆனால் இப்போது கிடைப்பதில்லை.

மழைக்காலத்துல கரி நனையாம எப்படிங்க வெச்சுக்கறது? கொஞ்சம் ஈரம் இருந்தா பரவாயில்லையா?

பெரிய துண்டுகள் மேலே ஈரமாக இருந்தால் பெரிய பாதகமில்லை. ஈரமும் பொடியும் சேர்ந்தால்தான் வில்லங்கம். ஈரப்பொடி துண்டுகளுக்கு நடுவே பசை மாதிரி ஒட்டி, மொத்தத்தையும் கட்டியாக்கும். மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி பொடியை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஹாப்பரிலும் அது அப்படியேதான் நிற்கும்.

நம் மலையில் மழையைவிட மூடுபனிதான் கரியை நனைக்கிறது. தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து, மேல் மூட்டையும் அடி மூட்டையும் நனையும். தரையிலிருந்து ஓரடி உயரப் பலகை, மேலே கூரை, பக்கங்களில் காற்று போக வழி, இவ்வளவு போதும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. உங்கள் பக்கத்து மழைக்கு முன்னாடியே வாங்கி வையுங்கள். ஒருநாள் தேவைக்கான கரியை முந்தின நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து, அடுப்பிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைத்தால் மேல் ஈரம் போய்விடும். அடுப்பின் மேலேயே வைத்துக் காயப்போடுவது கூடவே கூடாது.

மூட்டை அடியில வர்ற பொடியையும் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்? அதையும் கொட்டிடலாமா?

கொட்டாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் லாரி குலுங்கி ஏறி வரும்போதே கரி உரசிப் பொடியாகிறது, அந்தப் பொடி மூட்டையின் அடியில் இறங்குகிறது. கடைசியில் மூட்டையைக் கவிழ்த்ததும் அத்தனை பொடியும் ஒரே இடத்தில் விழுகிறது. 'புது மூட்டை போட்டேன், உடனே நின்றுவிட்டது' என்பவர்களுக்கு நடந்தது இதுதான்.

6 மி.மீ. கண்ணுள்ள சல்லடையைத் தொட்டியின் மேல் வாயில் சாய்த்து வைத்து அதன் மேல் கொட்டுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் திறந்த சுடர் வேண்டாம். சேர்ந்த பொடியைக் களிமண்ணோ சாணியோ கலந்து உருண்டை பிடித்துக் காயவைத்தால் வெந்நீர் அடுப்புக்கு ஆகும். எங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தகடு எவ்வளவு சாய்வா இருக்கணும்? பக்கமெல்லாம் இறங்குது, மூலையில மட்டும் தேங்குதே?

கரியைத் தரையில் குவித்தால் அதுவாக நிற்கும் சரிவு 35 முதல் 40 டிகிரி. அதைப் பார்த்துவிட்டு 45 டிகிரி போதும் என்று பட்டறையில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். போதாது. தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியாவது வேண்டும், பொடி கலந்த கரிக்கு 70. போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியைத் தகட்டில் வைத்தாலே சாய்வு தெரிந்துவிடும்.

மூலைக்குக் கணக்கே வேறு. இரண்டு சாய்ந்த தகடுகள் சேரும் மூலைக்கோடு, அந்தத் தகடுகளைவிடப் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் 45 டிகிரி என்றால் மூலை 35 டிகிரிதான். 60க்கு 60 என்றால் மூலை 51. 70க்கு 70 என்றால் 63. பக்கம் ஓடும், மூலை தேங்கும் என்பதன் காரணம் இவ்வளவுதான். தேங்கியது மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து ஈரம் இழுத்து, துரு பிடிக்கவைத்து, கிணற்றுச் சுவருக்கு அடித்தளம் போடும். புதுத் தொட்டி வாங்க வேண்டாம். மூலைக்குக் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டைத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து கூர்மையை மூடிவிடுங்கள். அடிவாயைச் சற்றுப் பெரிதாக்க இடமிருந்தால் அதையும் சேர்த்தே செய்யுங்கள். செலவுக்கு இதைவிடப் பலன் தரும் வேலை ஹாப்பரில் கிடையாது.

தொட்டிக்குள் பொருள் எப்படி நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்பதை முதலில் கணக்கில் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ ஜெனிக்கே. 1960களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அந்த வேலையைச் செய்தார். சிமெண்ட் ஆலை, மாவு ஆலை எதுவானாலும் இன்றும் அவர் வழிதான்: தகட்டின் உரசலை அளந்து, அதற்கேற்பச் சாய்வையும் வாயையும் தீர்மானிப்பது.

உள்ள எஸ்.எஸ். தகடு அடிச்சா போதுமா? இல்ல, எண்ணெய் தடவிடலாமா?

சாய்வு ஓரளவு சரியாக இருந்தால் வழவழப்பான எஸ்.எஸ். 304 தகடு (துருப்பிடிக்காத எஃகு) நன்றாகவே உதவும். துருப்பிடித்த தகட்டோடு ஒப்பிட்டால் உரசல் வெகுவாகக் குறையும். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஏறி உட்காரும்படி இணையுங்கள், மாற்றி வைத்தால் அந்த விளிம்பிலேயே கரி உட்காரும். படுக்கைவாட்டில் வெல்டிங் பற்று இருந்தால் கிரைண்டரால் வழித்துவிடுங்கள். மூலை 35 டிகிரியில் இருக்கும் தொட்டிக்கு எஸ்.எஸ். அடித்தும் பயனில்லை.

எண்ணெய் வேண்டாம். பொடி அதில் ஒட்டிப் படலமாகும், சூட்டில் புகையும், தீக்கும் வழி. பிளாஸ்டிக் தகடும் அடுப்புத் தொட்டிக்கு ஆகாது.

தொட்டிக்குள்ள புகை ஏறுது. தகட்டுல கருப்பா பிசின் மாதிரி ஒட்டிக்குது. கரிதான் மட்டமா?

கரியும் காரணமாகலாம், ஆனால் முதலில் புகைபோக்கியைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே அளவுக்குப் புகைபோக்கியின் இழுப்பும் குறைவு. சமவெளிக் கணக்கில் வைத்த குழாய் இங்கே சோம்பலாக இழுக்கும். போக வழியில்லாத வாயு தொட்டிக்குள் ஏறி, குளிர்ந்த தகட்டில் தாராகவும் தண்ணீராகவும் படியும். கரி அதில் ஒட்டும். குழாயை உயர்த்துவது, உள்ளே படிந்த புகைக்கரியைத் துடைப்பது, வெளியே நிற்கும் பகுதிக்குச் சூடு காக்க உறை போடுவது என்ற வரிசையில் போங்கள். படிந்த தாரை அடுப்பு முழுக்க ஆறிய பிறகு சுரண்டுங்கள்.

அடுத்து மூடி. இடைவெளியை அடைக்கச் சுற்றியிருக்கும் கயிற்று கேஸ்கெட் தேய்ந்தால் அந்த வழியே காற்று உள்ளே இறங்கி, நெருப்பு மேலே தொட்டிக்குள் ஏறத் தொடங்கும். ஒரு காகிதத் துண்டை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா உருவிக்கொண்டு வந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள். அடுப்பு எரியும்போது மூடியைச் சுற்றி ஊதுபத்தியைக் காட்டினாலும் தெரியும்: புகை உள்ளே இழுபட்டால் காற்று உள்ளே போகிறது, வெளியே தள்ளப்பட்டால் வாயு அறைக்குள் வருகிறது. இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

மூடியைத் திறந்ததும் புஸ்ஸுன்னு தீ அடிச்சு புருவம் பொசுங்கிடுச்சு அண்ணா. எப்படித்தான் திறக்கறது?

தொட்டிக்குள் தேங்கிய வாயுவுக்குத் திடீரென்று காற்று கிடைத்ததால் அப்படி ஆனது. திறப்பதற்கு முன் புகைபோக்கியின் டேம்பரை (புகை போகும் வழியைக் கூட்டிக் குறைக்கும் தகடு) முழுக்கத் திறந்து ஓரிரு நிமிடம் விடுங்கள். பிறகு முகத்தை விலக்கி, கையுறை போட்டு, மூடியை ஒரு விரற்கடை மட்டும் தூக்கிப் பிடித்துக் காத்திருங்கள். இழுப்பு வாயுவைக் கொண்டுபோன பிறகு முழுக்கத் திறக்கலாம். பாலம் கட்டியிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும், பாலத்துக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். மேலே குனிந்து கம்பியால் குத்தாதீர்கள்.

தொட்டிக்குள் தீ ஏறிவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கிரேட்டுக்கு அடியில் போகும் காற்றை மூடுங்கள், புகைபோக்கி டேம்பரைத் திறந்தே வையுங்கள், ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கட்டுக்குள் வராது என்று தோன்றினால் 101க்கோ 112க்கோ கூப்பிடத் தயங்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்று வருவதைக் குளிரின் மேல் பழிபோட்டுப் படுத்துவிடுகிறார்கள். ஹாப்பர் அடுப்பு உள்ள அறையில் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இதை ஒரு செலவாக நினைக்க வேண்டாம். கரிச்சட்டியைப் பற்றவைத்து மூடிய அறையில் வைப்பதை எந்த விருந்தாளி கேட்டாலும் அனுமதிக்காதீர்கள்.

ஃபேக்டரி ஹீட்டர்ல ஸ்க்ரூ ஓடுது. ஆனா தொட்டியில பின்பக்கம் மட்டும்தான் குறையுது, முன்பக்கம் அப்படியே நிக்குது. மோட்டார் பவர் பத்தலையா?

மோட்டார் மேல் தப்பில்லை. ஸ்க்ரூவின் இலைகளுக்கு நடுவே இடைவெளி முழுக்க ஒரே அளவாக இருந்தால், பின்முனையிலேயே அந்த இடைவெளி நிரம்பிவிடும். முன்னே வரும்போது புதிதாக எடுத்துக்கொள்ள இடமிருக்காது. தொட்டியின் முன்பகுதி செத்த இடமாகி இறுகும். பின்முனையில் நெருக்கமாகவும் முன்னே வர வர அகலமாகவும் இலை வைத்த ஸ்க்ரூதான் தீர்வு. பின்பக்கத் தண்டைக் கூம்பாகப் பருமனாக்குவதும் அதே வேலையைச் செய்யும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். எரிபொருள் நின்று நின்று வந்தால் தேயிலை டிரையரின் சூடு ஏறி இறங்கும். 3 சதவீத ஈரத்தில் வர வேண்டிய தூள் ஈரமாகவே வந்து, வைத்த இடத்தில் மணம் போய்விடும். ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹீட்டரைக் கவனிக்கும் ஃபயர்மேனின் விரலைவிட எந்த லோடும் அவசரமில்லை.

வைப்ரேட்டர் மாட்டலாமா?

தொட்டியை அதிரவைக்கும் அந்தக் கருவியை, ஸ்க்ரூ ஓடும்போது மட்டும், விட்டுவிட்டு ஓடும்படி இணைத்தால் மாட்டலாம். வாய் மூடியிருக்கும்போது அதிர்ந்தால் கரி இன்னும் இறுகும். சுத்தியைப் பற்றிச் சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும்.

கரி விலை ஏறிப்போச்சு. பெல்லட்டும் கரியும் பாதிப் பாதி கலந்து போட்டா?

வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்த 6, 8 மி.மீ. பெல்லட் கரித்துண்டுகளின் நடுவே நழுவிக் கீழே போய்விடும், கலந்தது கலந்தபடி இறங்காது. பெல்லட் சீக்கிரமே தீப்பிடிக்கும் என்பதால் நெருப்பு தொட்டிக்குள் ஏறும் ஆபத்தும் கூடுகிறது. ஒருமுறை ஈரம் பட்டால் ஊதி மரத்தூளாகிவிடும், காயவைத்தும் மீளாது. பெல்லட்டுக்கு மாறுவதானால் அதற்கென்று செய்த அடுப்புக்கே மாறுங்கள். அதேபோல் அழுத்திச் செய்த 90 மி.மீ. பிரிக்கெட் கட்டைகளுக்கு, அளவு பற்றிச் சொன்ன 6 மடங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அரை மீட்டருக்கு மேல் வாய் வேண்டும். அவற்றைக் கையால் போடுவதுதான் வழி.

நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. பகல் பூரா நல்லா இறங்குது. விடியக்காலை மூணு, நாலு மணிக்கு மட்டும் நின்னுடுது. ஏன்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி விழும் நாட்களில் இந்தக் கேள்வி நிறைய வரும். இரவில் காற்றைக் குறைத்து நெருப்பை அடக்கி வைக்கிறீர்கள். கரி மணிக்கணக்கில் நகராமல் நிற்கிறது, நிற்க நிற்கத் தன் எடையில் இறுகுகிறது. அதே நேரம் அடியில் சூடான கரியிலிருந்து கிளம்பும் நீராவி, தொட்டியின் குளிர்ந்த மேல் தகட்டில் பட்டுத் துளியாகி வழிகிறது. காய்ந்த கரியைப் போட்டிருந்தாலும் ஓரத்தில் ஈரக்கரி உண்டாகிவிடுகிறது. இழுப்பும் இரவில் குறைவு என்பதால், தார் பற்றிச் சொன்னதும் சேர்ந்துகொள்கிறது.

தொட்டியின் மேல்பாகத்துக்கு வெளியே, சூடு காக்கும் ராக்வுல் பஞ்சைச் சுற்றி அதன் மேல் மெல்லிய தகடு போர்த்துங்கள். உள்தகடு குளிராவிட்டால் துளியும் இல்லை. படுக்கும் முன் கிரேட்டை ஆட்டி, தொட்டியில் இருப்பது ஒருமுறை நகர்ந்து அமரும்படி செய்யுங்கள். இரவுக்குத் தேவையான அளவு மட்டும் நிரப்புங்கள், விளிம்புவரை வேண்டாம். காற்றுத் துவாரத்தை இப்போது வைப்பதைவிட ஒரு நூல் கூடுதலாகத் திறந்து வையுங்கள். கரி கொஞ்சம் அதிகம் செலவாகும். மெதுவாகவாவது நகர்ந்துகொண்டே இருக்கும் கரி பாலம் கட்டுவது அபூர்வம். இவ்வளவுக்குப் பிறகும் நின்றால், நின்ற நேரத்தில் எடுத்த தொட்டியின் உட்புறப் படமும், அடிவாயின் அளவும், ஒரு கைப்பிடி பொடியும் கையோடு கொண்டு வாருங்கள். அவற்றைப் பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.